நடுநிலை வகுப்பும் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியரும்

கலாசாலைப் படிப்பை முடித்து வெளியேறும் நம் மாணாக்கருட் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளுகின்றனர். அவருள் சிலருக்குக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளே முதன்முதல் ஒப்படைக்கப்பெறும். உயர்நிலை வகுப்புகளைப் போல அரசாங்கப் பரீட்சையின் நெருக்கடி அங்கு இல்லை. தொடக்க வகுப்புகளைப் போலக் கைபிடித்து அகரம் எழுதுவிக்கும் சிரமமும் இல்லை. ஆதலால் இவ்வகுப்புகள் எளியவை என்று கருதுவாருமுளர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரு பிள்ளை நாடோறும் பள்ளிக்கு வந்துகொண்டே, ஒருவர் கண்ணிலும் படாது பின்தங்கிப் போவதற்கு இம்மூன்றாண்டுகளைப் போல வாய்ப்பான காலம் வேறில்லை. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அதனைத் தடுக்கக் கத்தோலிக்கக் கல்வி மரபு எம்முறைகளை நமக்கு வைத்துச் சென்றிருக்கின்றது என்பதையும் ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

தொடக்க வகுப்பில் பெரும்பாலும் ஓராசிரியரே எல்லாப் பாடங்களையும் கற்பிப்பர். காலை முதல் மாலை வரை ஒரே முகத்தைக் கண்டு பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தவுடன் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் எனப் பாடத்துக்கோர் ஆசிரியரைக் காண்கின்றான். மணியடித்ததும் ஒருவர் போக மற்றொருவர் வருகின்றார். ஐவரும் தத்தம் பாடத்தை நன்கறிவர். ஆனாற் பிள்ளையை அறிபவர் யாவர்? கணக்கில் ஊக்கமில்லை என்று ஒருவரும், எழுத்துப் பிழை மிகுதி என்று மற்றொருவரும் குறித்துக்கொள்வர். இரண்டும் ஒரே நோயின் குறிகள் என்பதைக் கூடிக் காண்பதற்கு அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை.

இம்மாறுதல் நிகழும் காலமோ பதினொன்று முதல் பதின்மூன்று வரையுள்ள வயது. உடல் வளர்கின்றது, குரல் மாறுகின்றது, தோழரின் மதிப்புப் பெற்றோரின் மதிப்பினும் பெரிதாகத் தோன்றுகின்றது. மூன்றாம் வகுப்பில் 'எனக்குத் தெரியவில்லை, சார்' என்று வாய்விட்டுச் சொன்ன சிறுவன், ஏழாம் வகுப்பில் அவ்வாறு சொல்ல நாணுகின்றான். மந்தன் என்று பேர் வாங்குவதினும் குறும்பன் என்று பேர் வாங்குவதே அவனுக்கு எளிதாயிருக்கின்றது. ஆதலின் வாசிக்கும் முறை தன்னை அணுகுங்கால் தண்ணீர் குடிக்க விடை கேட்பான். கணக்கின் விடையைப் பக்கத்துப் பலகைக்காரனிடம் பார்த்தெழுதுவான். கூட்டத்தோடு கூட்டமாக உதடசைப்பான். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எப்பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்று விதித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மட்டும் அதனைத் தளர்த்திக்கொள்ள அரசாங்கங்களுக்கு இடந்தந்தது. தோல்வியுற்ற பிள்ளை மனமுடைந்து பள்ளியை விட்டு நீங்காமைப் பொருட்டுச் செய்யப்பெற்ற நல்லேற்பாடே இது. ஆயினும் வயதினால் மட்டும் மேல்வகுப்புக்கு வந்த பிள்ளை, வாசிக்கத் தெரியாமலே ஆறாம் வகுப்பில் அமர்ந்திருத்தல் கூடும். அவனைக் கண்டுபிடிப்பது சட்டத்தின் வேலையன்று, ஆசிரியரின் வேலை.

இவ்வேலைக்கு வழிகாட்டியவருள் முதற்கண் நினைக்கத்தக்கவர் அர்ச். ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். இவர் 1651-இல் பிரான்சு தேசத்து ரேன்ஸ் நகரில் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, தாம் வகித்த உயர்ந்த குருப்பதவியைத் துறந்து, தம் பொருளையும் பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்து, கிறிஸ்தவப் பள்ளிச் சகோதரர் சபையை நிறுவினார். இலத்தீனில் வாசிக்கத் தொடங்குவதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், பிள்ளை பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்குவித்தார். அவர்தம் பள்ளிகளின் நடைமுறைகளைத் தொகுத்துக் கூறும் நூல் அவர் மறைந்த மறுவருடம், அஃதாவது 1720-இல் அச்சேறிற்று. அந்நூலில் இருசெய்திகள் நமக்கு மிகவும் வேண்டற்பாலன. ஒன்று, ஒவ்வொரு மாணவனின் குணம், திறமை, குறை இவற்றை ஆசிரியர் எழுதிவைத்து, அடுத்துவரும் ஆசிரியரிடம் ஒப்புவித்தல். மற்றொன்று, பள்ளிக்கு வாராத பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்பிக் காரணம் அறிதல். இதற்கெனத் தெருவாரியாக மாணவருள்ளேயே சிலர் நியமிக்கப்பெற்றிருந்தனர். வாராமைக்குரிய காரணங்களை ஆராயுங்கால், பிள்ளையின் அசட்டையையும் பெற்றோரின் வறுமையையும் கூறியதோடு நில்லாமல், ஆசிரியரிடத்து அன்பு தோன்றாமையையும் அவற்றுள் ஒன்றாக அந்நூல் எண்ணியிருக்கின்றது.

இஃது இன்றும் பொருந்துவதே. வருகைப் பதிவேட்டில் ஒரு குறியிட்டுவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால் திங்கட்கிழமைதோறும் வாராத சிறுவன் சந்தைக் கடையில் தந்தைக்கு உதவுகின்றானா, ஆங்கிலப் பாடத்துக்கு அஞ்சி ஒளிகின்றானா என்பதைக் குறி தெரிவிக்குமா? கன்னியர் மடங்கள் நடத்தும் பெண்பள்ளிகளில் இவ்வினா இன்னும் முக்கியமானது. பூப்பெய்தும் பருவத்துச் சிறுமியர் மாதந்தோறும் சிலநாள் வாராதிருப்பின், அதற்குக் காரணம் படிப்பில் வெறுப்பாக இராமல், நீரும் மறைவும் உள்ள கழிப்பிடம் பள்ளியில் இல்லாமையாக இருக்கலாம். அதனைக் கேட்டறியும் ஆசிரியை ஒருவர் இருப்பாராயின் ஒரு பெண்ணின் படிப்பே காக்கப்படும்.

பிள்ளையைக் கண்டறிந்த பின்னர் அவனுக்குக் கற்பிக்கும் வகை யாது? இதற்குச் சேசு சபையார் 1599-இல் வெளியிட்ட கல்விமுறைத் திட்டம் துணைசெய்யும். அத்திட்டத்தின்படி, கீழ்வகுப்பு ஆசிரியர் புதுப் பாடத்தை மாணவர் தலையிற் சுமத்திவிட்டு ஒப்புவிக்கச் சொல்லுதல் கூடாது. முதலில் பகுதி முழுவதையும் தாமே வாசிப்பர். அடுத்து அதன் கருத்தைச் சுருக்கி உரைப்பர். பிறகு தொடர் தொடராகப் பிரித்து, வேண்டுமிடத்துத் தாய்மொழியில் விளக்குவர். மறுநாள் அப்பாடமே மீள நினைவூட்டப்பெறும். சனிக்கிழமை அவ்வாரத்துப் பாடங்கள் யாவும் திரும்பவும் ஓதப்பெறும். ஏழை மாணவரின் படிப்பிலும் செல்வர் மாணவரின் படிப்பிலும் ஒப்பக் கருத்தூன்ற வேண்டும் என்பதும் ஆசிரியருக்குரிய விதிகளுள் ஒன்று. இவற்றின் பயன் என்னை? நேற்று விளங்காதவன் இன்று கேட்கலாம். இன்றும் நாணியவன் வாரக் கடைசியிற் பிடித்துக்கொள்ளலாம். மீளக் கூறுதல் வகுப்பு முழுவதற்கும் உரிய வழக்கமாக இருத்தலால், பின்தங்கியவனைத் தனியே சுட்டி வெட்கப்படுத்த வேண்டிய அவசியம் நேருவதில்லை.

தமிழ் வகுப்பினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். ஆறாம் வகுப்பில் ல, ள, ழ என்பவற்றையும், ன, ண, ந என்பவற்றையும் மயங்க எழுதும் பிள்ளைகள் பலர். சிவப்பு மையாற் பக்கம் முழுவதும் சுழித்துத் தருதலால் அம்மயக்கம் நீங்கிவிடாது. 'வலி', 'வளி', 'வழி' என்னும் மூன்றையும் ஆசிரியர் தாமே தெளிவாக ஒலித்து, நா எவ்விடத்தைத் தொடுகின்றது என்று காட்டி, பொருளுணர்த்தி, பின் பிள்ளைகளைக் கொண்டு ஒலிப்பித்து, அதன் பின்னரே எழுதச் சொல்லுதல் வேண்டும். மறுநாள் இம்மூன்றையும் புதுவாக்கியங்களில் வைத்துக் கேட்டல் வேண்டும். காது வேறுபாட்டை உணராத வரையில் கை அதனை எழுதுமாறு எங்ஙனம்? கற்போனின் இடர்ப்பாட்டை ஆசான் தன் இடர்ப்பாடாகக் கொள்ளுதல் நம் நாட்டுக் கத்தோலிக்கத் தமிழ்ப் பணிக்குப் புதிதன்று. இத்தாலியிற் பிறந்து தமிழராகவே வாழ்ந்து 1747-இல் மறைந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் வேறுபாடு தோன்றாது மயங்கக் கண்டு, நெடிலுக்கும் குறிலுக்கும் வெவ்வேறு வடிவம் அமைத்தார் என்பது தமிழறிந்தார் யாவரும் போற்றும் செய்தி. வாசிப்போனைக் கடியாது எழுத்தையே திருத்திக் கொடுத்த அவ்வுள்ளம் நடுநிலை வகுப்பாசிரியர்க்கு இன்றியமையாதது.

இனி ஒழுங்கைப் பற்றிச் சில கூறுவாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாற்பதின்மர் கூடிய இடத்தில் ஆரவாரம் இருக்கத்தான் செய்யும். அதனை அடக்கப் பிரம்பே துணை என்று நெடுங்காலம் எண்ணி வந்தனர். கத்தோலிக்கப் பள்ளிகளும் இதற்கு விலக்காயிருந்தன என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அம்மரபினுள்ளிருந்தே அதற்கு மறுப்பும் எழுந்தது. 1815-இல் வட இத்தாலியில் ஏழைக் குடியானவர் வீட்டிற் பிறந்து இளமையிலேயே தந்தையை இழந்த அர்ச். ஜான் போஸ்கோ, 1841-இல் குருப்பட்டம் பெற்றபின் தூரின் நகரச் சிறைச்சாலைகளைச் சென்று பார்த்தார். விடுதலையான இளைஞர் மீண்டும் மீண்டும் அங்கேயே திரும்பி வருவதைக் கண்டு, வெளியில் இவர்களுக்கு ஒரு நண்பன் இருந்திருப்பின் இங்கு வந்திரார் என்று அவர் உணர்ந்தார். இவ்வுணர்ச்சியே பின்னர் அவர்தம் கல்விமுறையாக உருவெடுத்தது. 1877-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில், குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கும் முறை ஒன்று, குற்றம் நிகழாவண்ணம் முன்னரே காக்கும் முறை மற்றொன்று என இரண்டாகப் பகுத்து, பின்னதையே தமதாகக் கொண்டார். அறிவுக்குப் பொருந்த எடுத்துரைத்தல், தெய்வபக்தி, கனிந்த அன்பு என்னும் மூன்றும் அதன் தூண்களாம்.

முன்னரே காத்தல் என்பது கண்காணித்துப் பிடித்தல் என்று பொருள்படாது. ஆசிரியர் பிள்ளைகளினிடையே இருத்தல் என்பதே அதன் பொருள். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குட் புகுந்து கொள்ளாமல் விளையாட்டிடத்தில் உலாவுதல், பந்து விளையாடுவோனோடு இரண்டொரு வார்த்தை பேசுதல், மூலையில் தனித்து நிற்பவனை அணுகிச் சோறு உண்டாயா என்று வினவுதல் ஆகிய இவையே அம்முறையின் உயிர். 1884-இல் உரோமையிலிருந்து தம் இல்லத்தார்க்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பதை அவர் வற்புறுத்தினார். அவர் நிறுவிய சலேசிய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தது முதல் இம்முறை நம் நாட்டிலும் வேரூன்றியது.

தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003-இல் திருத்தப்பெற்றுப் பிள்ளைகளின் உடலுக்கோ உள்ளத்துக்கோ துன்பம் விளைத்தல் தடுக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே தடைசெய்தது. அச்சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அத்தீர்ப்பை மீள ஆராய்தல் வேண்டுமென்று அம்மன்றத்தின் அமர்வொன்றே 2025-இல் கருத்துரைத்ததும் பலரறிந்தவை. வழக்கு எவ்வாறு முடியினும், கத்தோலிக்க ஆசிரியர்க்கு இவ்விஷயத்தில் நீதிமன்றத்தை எதிர்நோக்க வேண்டிய தேவையில்லை. பிள்ளையின் மானத்தைக் காக்குமாறு தம் மரபே 1877 முதல் அவருக்குக் கட்டளையிட்டிருக்கின்றது.

இறுதியாகச் சமயக் கல்வியைப் பற்றி ஒருவார்த்தை. நம் நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் மிகுதியாகப் பயிலுகின்றனர். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குச் செல்லும் நேரத்தில் ஏனையோர் நன்னெறி வகுப்பில் அமர்வர். அரசாங்க அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறும் பள்ளியில், சிறுவரின் பாதுகாவலர் இசைவின்றிச் சமய போதனைக்கு அவரை உட்படுத்தலாகாது என்பது 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் இருபத்தெட்டாம் பிரிவு. இவ்விரு வகுப்புக்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு. போஸ்கோவின் மாணவனும், பதினான்கு வயதிலேயே 1857-இல் மறைந்தவனும், 1954-இல் அர்ச்சியசிஷ்டப் பட்டம் பெற்றவனுமான தோமினிக் சாவியோ, புண்ணியவானாக விரும்பிக் கடுந்தவங்கள் செய்ய முற்பட்டபோது, போஸ்கோ அவற்றைத் தடுத்து, மகிழ்ச்சியாயிருத்தலும் தன் கடமையைச் செய்தலும் தோழருக்கு உதவுதலுமே போதும் என்று அறிவுறுத்தினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, அவன் எச்சமயத்தவனாயினும், இதனினும் விளங்கத்தக்க நன்னெறி வேறுண்டோ?

ஆகவே, நடுநிலை வகுப்பை முதன்முதல் ஏற்கும் நம் இளைஞர், ஆண்டின் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தழைத்து, பிறர் கேளாவண்ணம் ஒருபக்கம் வாசிக்கச் செய்து கேட்பாராக. கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மற்ற நால்வர் ஆசிரியரோடும் வாரம் ஒருமுறையேனும் கலந்து பேசுவாராக. வாராத பிள்ளையின் வீட்டு வாயிலை ஒருமுறையேனும் மிதிப்பாராக. இடைவேளை மணியடித்ததும் விளையாட்டிடத்துக்குச் செல்வாராக. இவற்றுக்குப் பெரும் பொருளோ புதுக் கட்டடமோ வேண்டியதில்லை. பள்ளி வாயிலிற் சிலுவை நிற்பதும் சுவரிற் சேசுநாதரின் திருவுருவம் தொங்குவதும் அது கத்தோலிக்கப் பள்ளி என்று வழிப்போக்கருக்கு அறிவிக்கும். வகுப்பின் கடைசிப் பலகையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையோ, தன் பேரைச் சொல்லி அழைத்துத் தன்னருகே வந்து நிற்கும் ஆசிரியரைக் கொண்டே அதனை அறிவான்.