இளைத்த உடலும் எஞ்சிய தோலும்

ஸ்தூல சரீரம் ஆயுளைக் குறைக்கும் என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள் என்றாலும், அதை எண்களால் நிரூபித்து உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு இன்ஷூரன்ஸ் தொழிலுக்கே உரியது. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனியில் புள்ளிவிவர நிபுணராக இருந்த லூயிஸ் டப்ளின், பாலிசிதாரர்களின் உயரத்தையும் எடையையும் அவர்கள் மரணமடைந்த வயதையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இன்ன உயரத்தவர் இன்ன எடையில் இருந்தால் நீண்டநாள் வாழ்கிறார் என்பதை 1942, 1943 ஆம் ஆண்டுகளில் அட்டவணைகளாக வெளியிட்டார். பருமன் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ப பிரீமியத்தை உயர்த்தக் கற்றுக்கொண்ட அந்தத் தொழில், அதே பருமனுக்குச் சிகிச்சை என்று ஒன்று வந்தபோது அதற்குப் பணம் கொடுக்க வெகுகாலம் தயங்கி நின்றது என்பதையும், அந்தத் தயக்கம் இன்றும் முழுவதும் தீரவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை நிபுணர் 1966-இல் இரைப்பையைச் சுருக்கிக் குடலுடன் மாற்று வழியில் இணைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். இன்று நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய் வடிவில் விட்டுவைக்கும் ‘ஸ்லீவ்’ என்னும் முறை. வயிறு சிறுத்ததால் சாப்பாடு குறைகிறது, அதனால் இளைக்கிறார்கள் என்று சாமானியமாக எண்ணுகிறோம். விஷயம் அவ்வளவோடு நிற்பதில்லை. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த கிரெலின் என்ற ஹார்மோன், இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்களுக்கு இந்தச் சுரப்பு முன்னிலும் மிகுந்து, இழந்த எடையை மீட்டுக்கொள்ளும்படி சரீரத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஸ்லீவ் சிகிச்சையிலோ அது சுரக்கும் பாகமே பெரும்பாலும் அகற்றப்படுவதால், எடை குறைந்தும் பசி மிகாத நிலை உண்டாகிறது. ஆகையால், வாயைக் கட்ட முடியாதவர்கள் நாடும் குறுக்குவழி என்று இதை இகழ்வது விஞ்ஞானத்துக்கும் பொருந்தாது, மனிதத்தன்மைக்கும் பொருந்தாது. ஸ்வீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி, அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்தது என்பதை 2007-இல் வெளியிட்டது.

நம் நாட்டில் 2019-க்கு முன் பெரும்பாலான பாலிசிகளில், பருமனுக்கான சிகிச்சை எதற்கும் பணம் கிடையாது என்ற ஒரே வரி எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டது. அந்த ஆண்டில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விலக்குகளின் வாசகங்களை எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வரையறுத்து, நிபந்தனைகளோடு ஒரு வழியைத் திறந்தது. டாக்டரின் ஆலோசனைப்படி, மருத்துவ நெறிமுறைகளுக்கு இணங்க அறுவை நடக்க வேண்டும்; நோயாளி 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும்; உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் காட்டும் பி.எம்.ஐ. என்ற எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது 35 முதல் 40-க்குள் இருந்தால், பருமனால் வந்த இருதயத் தசை நோய், இருதய ரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்று இருப்பதோடு, மற்ற எளிய முறைகளால் எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும். இவற்றுக்கு உட்பட்டே அனுமதி.

இந்த 40 என்பதும் 35 என்பதும் அமெரிக்காவில் பெதஸ்டா நகரத்து தேசிய சுகாதார நிலையம் 1991-இல் கூட்டிய நிபுணர் மாநாடு வகுத்த எல்லைகளையே ஒத்திருக்கின்றன. அந்த எண்கள் நம்மவர்களின் உடல்வாகை வைத்து எழுந்தவை அல்ல. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரையுமே உதாரணமாக்கிக் காட்டினார்கள்: இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3, ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எடையில் நமக்குக் கொழுப்பும் அதிகம், நீரிழிவும் முந்தி வருகிறது. இதை உணர்ந்தே சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் 2022-இல், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5 முதற்கொண்டே இச்சிகிச்சையை அளிக்கலாம் என்று அறிவித்தன. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். விஞ்ஞானத்தின்படி அவர் சுமார் 70 கிலோவிலேயே சிகிச்சைக்குத் தகுதியுடையவராகிறார். இன்ஷூரன்ஸ் விதிப்படியோ, மேற்சொன்ன கொடிய நோய்களில் ஒன்று இருந்தால் 90 கிலோ, இல்லாவிட்டால் 102 கிலோவுக்கு மேல் எடை ஏறும்வரை அவர் காத்திருக்க வேண்டும். நோய் முற்றினால்தான் உதவி என்ற இந்த ஏற்பாட்டை நியாயம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. ஆணையம் இந்த எல்லைகளைத் திருத்துவது அவசியம்.

அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டில் முப்பது நாற்பது கிலோ குறைந்தவர்களுக்கு வேறொரு துன்பம் தொடங்குகிறது. பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில், அதை இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டின் இழைகள் அறுந்து, கொலாஜன் பின்னல் நலிந்துபோகின்றன. உள்ளே இருந்த கொழுப்பு கரைந்த பின்னும், நீர் வடிந்த தோல்பையைப் போல அது சுருங்காமல் தொங்குகிறது. அடிவயிற்றிலிருந்து தொடைமேல் மடிந்து விழும் அந்த மடிப்பினுள் காற்று புகுவதில்லை. சித்திரை வெயிலில் வேர்வை அங்கேயே தேங்கி, கேண்டிடா என்ற பூஞ்சைக்கு இருப்பிடமாகிறது. தோல் சிவந்து, வெடித்து, நாற்றமெடுத்து, களிம்பு பூசினால் ஆறி, களிம்பை நிறுத்தினால் மறுபடி புண்ணாகிறது. காலையும் மாலையும் துடைத்துப் பவுடர் போட்டு, மடிப்பினிடையே பருத்தித் துணியைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தோலை அகற்றித் தரும்படி கேட்டால், ‘இது அழகுக்கான அறுவை’ என்ற பதில் வருகிறது.

ரணத்தோடு வாழ்கிறவரின் கோரிக்கையைச் சௌந்தரிய ஆசை என்று தள்ளுவது எப்படிப்பட்ட அநியாயம்! மார்பகப் புற்றுநோய்க்கு மார்பை அகற்றினால் அதைத் திரும்ப அமைப்பதற்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா 1998-இல் சட்டமே இயற்றியது. ஒரு சிகிச்சை உடலில் விட்டுச்சென்ற குறையைச் சரிசெய்வதும் அந்தச் சிகிச்சையின் பகுதியே என்னும் தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது. எடை குறைந்தவரின் தோலுக்கு அந்தத் தத்துவம் அங்கேயும் நீட்டப்படவில்லை. ஆயினும் அங்கே பல கம்பெனிகள், தொங்கும் தோலை மட்டும் நீக்குவதையும், வயிற்றுத் தசையை இறுக்கித் தொப்புளை இடம் மாற்றி வடிவமைப்பதையும் வேறு வேறாகப் பிரித்து, முன்னதற்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி தருகின்றன: மடிப்பு இடுப்பெலும்பின் கீழ் விளிம்பையும் தாண்டித் தொங்குவதைக் காட்டும் புகைப்படங்கள், மாதக்கணக்கில் மருந்திட்டும் ஆறாத புண்ணுக்கு டாக்டரின் குறிப்புகள், எடை பல மாதங்களாக நிலையாக நின்றதற்கு ஆதாரம் ஆகியவை கேட்கப்படுகின்றன.

நம் நாட்டு விதியில் பிளாஸ்டிக் சர்ஜரிக்கான விலக்கு, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகிய மூன்றுக்கும் பிறகான சீரமைப்பை அனுமதிக்கிறது. எடைக் குறைப்பு அதில் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் நான்காவதாக ஒரு வாசகம் இருக்கிறது: ஆரோக்கியத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவ ரீதியில் அவசியமான சிகிச்சையின் பகுதியாக அமைந்தால், சிகிச்சை செய்யும் டாக்டரே அதைச் சான்றளித்தால், விலக்கு பொருந்தாது. நம் நோயாளிகளுக்கு உள்ள வழி இந்த ஒன்றே. அதைக் கடக்க உதவுவது வாதத்திறமை அல்ல, தேதியிட்ட காகிதங்கள்.

ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் முன்அனுமதிப் படிவத்தை நிரப்பும்போது, நோய் எப்போது தொடங்கியது, இதுவரை என்ன சிகிச்சை நடந்தது என்ற கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு நிராகரிப்பு வந்த பின் திகைக்கிறவர்கள் பலர். எடைக் குறைப்பு அறுவைக்கு முன்பே டயட்டீஷியனிடம் போன ஒவ்வொரு முறையின் எடைக் குறிப்பு, மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை, உறக்கப் பரிசோதனை ஆகிய ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வையுங்கள். பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் டாக்டரைப் பார்க்கும் முன்னரே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தோல் விஷயத்தில், புண் வந்தவுடனேயே தோல் டாக்டரிடம் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், மருந்துக் கடையில் களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் சமாளித்த மாதங்களுக்குக் கணக்கில்லை. டாக்டரின் கடிதத்தில் அறுவையின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மடிப்பின் அளவு, எந்தெந்த மருந்து எத்தனை வாரம் கொடுக்கப்பட்டது, எத்தனை தடவை புண் திரும்பியது என்பன இருக்க வேண்டும். உள்ளதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மிகைப்படுத்திய ஒரு வாக்கியம் மற்ற எல்லா உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

இவ்வளவும் செய்து அனுமதி மறுக்கப்பட்டால், வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாமல், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டாருக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.