கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ்: அரை மில்லிமீட்டர் மாறினால் என்ன ஆகும்? சம்மதிக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பவர் மைனஸ் 8, மைனஸ் 10 என்று சோடாபுட்டி கண்ணாடியோடு இருப்பவர்கள் லேசிக் பண்ணலாம்னு போவார்கள். "கார்னியா மெல்லிசா இருக்கு, லேசிக் வேண்டாம்" என்பார் டாக்டர். அப்போது பலருக்கும் சொல்லப்படும் மாற்று வழிதான் ஐசிஎல். அந்த லென்ஸ் உங்கள் கண்ணுக்குள் சரியாக உட்காருமா என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

லென்ஸ் எங்கே உட்காரும்?

கண்ணின் நிறமுள்ள பகுதியான ஐரிஸுக்குப் பின்னால், நம் இயற்கை லென்ஸுக்கு முன்னால். ஐரிஸின் பின்புற ஓரத்தில் 'சல்கஸ்' என்ற நுண்ணிய பள்ளம் வட்டமாக இருக்கும். ஐசிஎல்லின் முனைகள் அந்தப் பள்ளத்தில்தான் ஊன்றி நிற்கும்.

அது என்ன 'வால்ட்'?

இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைப்பதாக நினைச்சுக்கோங்க. ஸ்கேல் கொஞ்சம் நீளமாக இருந்தால் வில் போல வளையும். சின்னதாக இருந்தால் வளையாமல் கிடக்கும். ஐசிஎல்லும் அப்படித்தான். அதற்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் வால்ட். பொதுவாக 250 முதல் 750 மைக்ரான் வரை, அதாவது கால் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது என்கிறார்கள்.

* இடைவெளி மிகக் குறைந்தால்: இயற்கை லென்ஸில் உரசி, கண்புரை வரலாம்.
* மிக அதிகமானால்: ஐரிஸை முன்னே தள்ளும். கண்நீர் வடியும் கோணம் குறுகி, கண் அழுத்தம் கூடலாம்.

அளவெடுப்பதில் என்ன சிக்கல்?

ஐசிஎல் 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ என நான்கு அளவுகளில் வருகிறது. ஆனால் சல்கஸ் ஐரிஸுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதனால் கார்னியாவின் குறுக்களவை வைத்தும் கணிக்கிறார்கள். வெளியே ஒரே அளவுள்ள இரண்டு கண்களுக்கு உள்ளே ஒரே அளவு இருக்கும்னு சொல்ல முடியாது. யுபிஎம் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சல்கஸையே நேரடியாக அளக்கும்.

கண்ணின் முன்னறை ஆழமும் முக்கியம். அமெரிக்காவின் எஃப்டிஏ குறைந்தது 3 மி.மீ கேட்கிறது. ஆழம் போதாத கண்ணுக்கு ஐசிஎல் ஏற்றதல்ல.

சிலிண்டர் பவர் இருந்தால்?

'டோரிக்' லென்ஸ் வைப்பார்கள். இது உள்ளே சுழலக் கூடாது. சுமார் 30 டிகிரி திரும்பினால் சிலிண்டர் பவர் குறைந்த பலனே இல்லாமல் போய்விடும். சல்கஸுக்கு லென்ஸ் சின்னதாகிப் போனால் சுழலும் வாய்ப்பு அதிகம்.

பொருத்திய பிறகு?

வயதாக ஆக இயற்கை லென்ஸ் தடிமனாகும், வால்ட் குறையும். அதனால் பார்வை நன்றாக இருந்தாலும் செக்கப்பைத் தவிர்க்காதீங்க. கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்க. அளவு சரியில்லை என்றால் லென்ஸை எடுக்கவோ மாற்றவோ முடியும்.

டாக்டரிடம் கேளுங்க

1. என் முன்னறை ஆழம் எவ்வளவு?
2. லென்ஸ் அளவை எந்த ஸ்கேன் வைத்து முடிவு பண்றீங்க?
3. ஆபரேஷனுக்குப் பிறகு வால்ட்டை எப்போ எப்போ பார்ப்பீங்க?

இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு சம்மதப் படிவத்தில் கையெழுத்து போடுங்க.