பேச்சு வழக்கா, பேச்சுக் குறையா?

நாவிலே குறையில்லாத பிள்ளையும் குறையுடையதெனக் கணிக்கப்படுவதுண்டு. கேட்போர் செவி வேறொரு வழக்கிற் பழகியிருத்தலே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் ஆன் ஆபர் நகரில் இவ்விடயம் நீதிமன்றம் ஏறிற்று. ஆபிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளின் வீட்டுமொழியைக் கருதாது அவர்களைக் குறையுடையோராக வகுத்தனரெனப் பெற்றோர் முறையிட்டனர். அம்மொழியை ஆசிரியர் அறிந்து வாசிப்புக் கற்பிக்க வழிசெய்யுமாறு நீதிபதி 1979 இல் பணித்தார். ‘ஹி பி வேர்க்கிங்’ என அவர்கள் கூறுவது பிழையன்று. ‘அவன் வழக்கமாக வேலை செய்கிறான்’ என்பதை உணர்த்தும் ஒழுங்கான இலக்கணமே. ஆங்கிலக் கிளைவழக்கு எதுவும் கோளாறன்று என அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 1983 இல் அறிவித்தது.

ஆதலின், பிள்ளையின் பேச்சை அதன் வீட்டார் பேச்சோடு ஒப்பிட்டே குறையைத் துணிதல் வேண்டும். இன்றேல் நலமுள்ள பிள்ளைக்குச் சிகிச்சையும், உதவி வேண்டிய பிள்ளைக்குப் புறக்கணிப்புமே கிட்டும்.