விருந்தினர் வரட்டும், உழவு நிற்க வேண்டாம்

பண்ணைச் சுற்றுலா என்றதும் நம்மில் பலர் நீச்சல்குளத்தையும் மாட்டுவண்டிச் சவாரியையுமே எண்ணுகிறோம். இத்தாலி வேறுவிதமாக எண்ணியது. அந்நாடு 1985-இல் இயற்றிய சட்டம் உழவையே முதன்மைத் தொழிலாக வைத்தது. விருந்தினரைத் தங்கவைப்பது அதற்குத் துணை மட்டுமே. பரிமாறும் உணவிலும் பண்ணையின் சொந்த விளைபொருள் இடம்பெற வேண்டும்.

இந்த வரிசைமுறை நமக்கும் தேவை என்று கருதுகிறேன். காவிரிப் படுகையில் சம்பா நடவின்போது வருபவர் நாற்றுப் பறித்து, முடி கட்டி, சேற்றில் இறங்கிச் சிறிது நேரம் நட்டுப் பார்க்கட்டும். சோற்றைப் பற்றிய அவரது எண்ணமே மாறிவிடும். எந்த விடுதி அறையும் தராத நினைவு அது. அதைக் கற்றுத்தரும் நடவுப் பெண்களுக்கு அந்த நேரத்துக்கும் கூலி சேர வேண்டும். அவர்கள் காட்சிப்பொருள் அல்லர், ஆசிரியர்கள். வயலைத் தூர்த்து அறைகள் கட்டினால், வருபவருக்குக் காட்ட நம்மிடம் என்ன மிஞ்சும்?