கொழும்பு வழியாக வந்த வனஸ்பதி

இரு நாடுகள் தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டால், சில ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு எண்ணைக் காட்டுவார்கள்: ஏற்றுமதி இத்தனை மடங்கு கூடியது. அந்த எண்ணுக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்க்காமல் மகிழ்ந்துவிடக் கூடாது.

இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலராக இருந்த இலங்கையின் இந்திய ஏற்றுமதி, 2005-இல் 50 கோடியைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு வனஸ்பதியும் செம்பும். இலங்கை செம்பு வெட்டி எடுக்கும் நாடு அல்ல. வனஸ்பதிக்கான பாமாயிலும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததுதான்.

காரணம் வரி. அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் இறக்குமதி வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. இந்திய முதலாளிகளே அங்கே போய் ஆலை போட்டார்கள். அங்கு செய்த வனஸ்பதி வரியின்றி இந்தியாவுக்குள் நுழைந்தது.

இதைத் தடுக்க ஒப்பந்தத்தில் விதி இல்லாமல் இல்லை. விலையில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையில் கூட்டிய மதிப்பாக இருக்க வேண்டும். ஆனால் லாபமும் அந்த மதிப்பில் சேரும். கணக்குக்காக, 100 ரூபாய் எண்ணெய்க்கு இந்தியாவில் 80 ரூபாய் வரி என்று வையுங்கள். இங்குள்ள ஆலைக்கு மூலப்பொருளே 180 ரூபாய். இலங்கை ஆலை தன் வனஸ்பதியை 160-க்கு விற்றால் இங்கே போட்டியே கிடையாது. 35 சதவீத விதியும் நிறைவேறிவிடும். நம் அரசுக்கு வரவேண்டிய வரிதான் அங்கே ‘கூட்டிய மதிப்பு’ ஆனது.

இங்குள்ள ஆலைகள் முறையிட்டன. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு வந்தது. 2008-இல் இந்தியா கச்சா சமையல் எண்ணெய் வரியை நீக்கியதும் வணிகத்தின் அடிப்படையே போயிற்று. இலங்கை ஆலைகள் மூடப்பட்டன, அங்கே வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு எந்த ஒப்பந்தமும் ஈடு சொல்லவில்லை.

மிளகு இதிலிருந்து வேறுபட்டது. இலங்கையின் சொந்த விளைச்சல். ஆண்டுக்கு 2,500 டன் வரியின்றி வரலாம் என்ற ஏற்பாடு இலங்கையின் மாத்தளை விவசாயிக்கு உண்மையான சந்தை. ஆனால் அதே வழியில் வியட்நாம் மிளகும் இலங்கைப் பெயரில் வருகிறது என்று குடகிலும் கேரளத்திலும் குரல் எழுந்தது. 2017 டிசம்பரில் இந்தியா, மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது.