தீ அணைந்த பிறகுதான் வைத்தியமே ஆரம்பம்!

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தீயை நிறுத்தியதும் அவசரப்பட்டுச் சூளைக் கதவைத் திறக்கக் கூடாது. திடீரென்று குளிர்ந்த காற்று பட்டால், நன்றாக வெந்த பொம்மைகூட விரிசல் விட்டுவிடும். சூடு மெல்ல மெல்லத்தான் இறங்கணும்.

தீயில் சிக்கிய மனிதர்களும் அப்படித்தான். தீயணைப்பு வண்டி திரும்பிப் போனதும், 'அப்பாடா, முடிஞ்சது' என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத் தீயை மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போனவர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள். மறுநாள் சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கை 9. அடுத்து வந்த வாரங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒவ்வொருவராக இறந்து, அந்த எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. தோல் வெந்துவிட்டால் உடம்பு நீரை இழக்கும், கிருமி சுலபமாக உள்ளே நுழையும். காட்டில் தீ அணைந்தாலும் உடம்பில் அணைவதில்லை!

மலைக்காடு நமக்குத் தூரம். ஆனால் கோடையில் காய்ந்து கிடக்கும் முந்திரிச் சருகும், கூரை வீடுகளும் நமக்குப் பக்கத்தில்தான். ஒரு தெருவே எரிந்துபோனால், அக்கம்பக்கத்தில் இருக்கிற நாம் என்ன செய்யணும்?

முதல் ஒரு மணி நேரம்

சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்... தீக்காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர்தான்! வெந்த இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, மஞ்சள், நெய், முட்டை எதையும் தடவாதீர்கள். வளையல், மோதிரம், மெட்டியை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மேலே காயமே இல்லை, ஆனால் குரல் கம்மியிருக்கிறது, மூக்கில் கரி படிந்திருக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அலட்சியம் கூடாது. சூடான புகை உள்ளே போயிருக்கும். தொண்டை பிறகுகூட வீங்கி அடைக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

குங்கிலிய வெண்ணெய் போன்ற நல்ல மருந்துகள் எங்களிடம் உண்டு. ஆனால் அதெல்லாம் சின்னக் காயத்துக்கு, அதுவும் வைத்தியர் பார்த்த பிறகு. முகம், கை, மூட்டு, மர்ம உறுப்பு வெந்திருந்தாலோ, காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

முதல் வாரம்

நிவாரணம் என்றதும் பழைய துணி மூட்டை வந்து குவியும். யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள்: 'நீங்க தினமும் சாப்பிடுற மாத்திரை இருக்கா?' சர்க்கரை, பி.பி., வலிப்பு, காசநோய் மாத்திரைகளும் வீட்டோடு எரிந்திருக்கும். நாலு நாள் விட்டாலே ஆபத்து. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்களுக்கு நாப்கின், உள்ளாடை வாங்கிக் கொடுங்கள். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

சாம்பலை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, மூக்கு வாயை மூடிக்கொண்டு அள்ளணும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு நொறுங்கிய இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்.

சித்தத்தில் பித்தத்துக்கு 'அழல்' என்று இன்னொரு பெயர். அதைத் தணிக்க மோர், இளநீர், வெட்டிவேர் போட்ட தண்ணீர் நல்லது. ஆனால் தோல் வளர அது மட்டும் போதாது. பருப்பு, முட்டை, பால், முளைகட்டிய பயறு தினமும் வேணும்.

'யார் வீட்டு அடுப்பு?'

ஊரே கேட்கிற கேள்வி இது. யாரோ ஒரு பெண்மணியின் பெயர் வந்துவிடும். அவரும் வீட்டை இழந்தவர்தான்; மேலே பழியையும் சுமப்பார். தீயில் தப்பித்தவர் பழியில் வெந்துபோகக் கூடாது! காரணத்தை அதிகாரிகள் விசாரிக்கட்டும். நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட வையுங்கள்.

குழந்தைகளிடம் 'எப்படி எரிஞ்சுது, சொல்லு' என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். புகை வாசனைக்கே அலறலாம், படுக்கையை நனைக்கலாம். திட்ட வேண்டாம். சீக்கிரம் பள்ளிக்கூடம் அனுப்புங்கள். பழைய வழக்கத்துக்குத் திரும்புவது பெரிய மருந்து. ஒரு மாசம் ஆகியும் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை, 'செத்துப் போயிருக்கலாம்' என்கிறார்கள் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கணும். 14416 என்ற அரசு எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

முதல் மாசமும், அப்புறமும்

ஆறுகிற தீக்காயம் சுருங்கும். கழுத்தில் பட்டால் தாடை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும். விரல்கள் மடங்கியே நின்றுவிடும். டாக்டர் சொல்லும் பயிற்சியை வலித்தாலும் விடக் கூடாது. கழுத்துக் காயத்துக்குத் தலையணை வேண்டாம். ஆறிய தோலில் தேங்காய் எண்ணெய் தடவலாம். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளணும்.

ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ் எரிந்திருந்தால் மனு எழுதிக் கொடுத்து, வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் துணைக்குப் போங்கள். ஒரு தையல் மெஷின் பத்து மூட்டைத் துணிக்குச் சமம்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. மரம் விழச் சில மணி நேரம். புதுக்கன்று காய்த்துப் பலன் தர வருஷங்கள். எரிந்த குடும்பம் தலையெடுக்கவும் நாள் பிடிக்கும்.

அதனால் ஒரு யோசனை. கொடுக்க நினைக்கிறதை முதல் நாளே முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள். பாதியை எடுத்து வையுங்கள். முப்பதாவது நாள், எல்லோரும் மறந்த பிறகு போய் நில்லுங்கள். 'இப்ப என்ன வேணும்?' என்று கேளுங்கள். அன்றைக்குக் கிடைக்கிற பதில்தான் உண்மையான தேவை!