கீழாநெல்லி காக்குமா?

ஐப்பசி மழை இறங்கியதும் கோவில்பட்டிக் கரிசலில் உளுந்தோடும் பாசியோடும் போட்டி போட்டுக்கொண்டு களையும் முளைக்கும். அதில் கீழாநெல்லியை மட்டும் களையெடுக்கிற பெண்கள் வரப்பில் எறியாமல் மடியில் கட்டிக்கொள்வார்கள். மஞ்சள்காமாலைக்கு அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்க அது வேண்டும்.

ஆய்வகங்கள் இதே செடியிடம் வேறொன்றைக் கேட்டன: மருந்தே கல்லீரலைக் கெடுத்தால் காப்பாற்றுமா?

காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கின்றி மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சிறு பங்கு மட்டும் நச்சாக மாறும். அதைப் பிடித்து அடக்குவது குளுட்டாதயோன், கல்லீரல் தானே தயாரிக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. மாத்திரை அளவு மீறினால் இந்தக் கையிருப்பு தீர்ந்துபோகும். பிறகு நச்சு, செல்லின் புரதங்களில் ஒட்டி மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கும். செல் உடைந்து உள்ளிருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசியும். பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி எகிறுவது அதனால்தான்.

கீழாநெல்லியில் பில்லாந்தின் முதலான லிக்னன்களும் டானின்களும் உண்டு. சாறும் அளவு மீறிய பாரசிட்டமாலும் கொடுத்த எலிகளுக்கு எஸ்.ஜி.பி.டி. அவ்வளவு ஏறவில்லை, குளுட்டாதயோனும் அவ்வளவு குறையவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தகைய சோதனைகள் பலவற்றில் சாறு முதலில், நஞ்சு பிறகு. அந்த வரிசையில் நோயாளி யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அங்கே கொடுப்பது என்-அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டாதயோன் செய்யக் கச்சாப்பொருள் தருவது. மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம்.

மனிதரிடம் கீழாநெல்லியைச் சோதித்ததில் பேர்பெற்றது 1988இல் லான்செட் இதழில் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பர்க்கும் அதில் இருந்தார்கள். அந்த வைரஸ் உடலில் இருந்து, செடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வேறு நாடுகளில் செய்துபார்த்தபோது அந்த வெற்றி திரும்பவில்லை. அதுவும் வைரஸ் விஷயம், மருந்துச் சேதம் அல்ல.

நம் நாட்டில் மருந்தால் கல்லீரல் கெடுவதில் முன்னால் நிற்பவை ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்ற காசநோய் மாத்திரைகள். கண் மஞ்சளித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதை நிறுத்தி எதை எப்போது மறுபடி தொடங்குவது என்று அவர் பார்த்துக்கொள்வார். வீட்டில் சாறு குடித்துக்கொண்டு சிகிச்சையைக் கைவிட்டால், மருந்துக்கு மசியாத கிருமி வளர வழியாகும்.

இன்னொன்று. கோவில்பட்டி வறட்சிச் சீமையில் விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும் நிலாவாரை, மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. அதையே அளவு மீறி நெடுநாள் தின்ற சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. "நாட்டு மருந்து ஏதும் எடுத்தீர்களா?" என்று டாக்டர் கேட்பது வைவதற்கு அல்ல, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.